பரவசம் யார் வசம்?

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

ஞாயிறு மலரில் வாரம் ஒரு சொல்லைப் பிடித்து, அதற்குப் பிறப்புச் சான்றிதழ் தேடித் தரும் அறிஞருக்கு, தங்கள் அக்காவின் கணவனும் டிரைவிங் ஸ்கூல் உரிமையாளரும் அதன் தலைமைப் பயிற்சியாளருமான நான் எழுதிக்கொள்வது. இங்கே நான், தங்கள் அக்கா, வீட்டுக் கார், ஸ்கூல் கார்கள் எல்லாரும் சௌக்கியம். ஸ்கூல் கார்களில் ஒன்றுக்கு மட்டும் மூக்கு கொஞ்சம் நசுங்கியிருக்கிறது. அதற்குக் காரணம் தாங்கள். தாங்கள் அங்கே சுகமாகத்தான் இருப்பீர்கள். அடுத்தவர் வீட்டில் கொளுத்திப் போட்டுவிட்டு ஊர் தள்ளி உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சுகத்துக்கு என்ன குறைச்சல்?

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாங்கள் 'பரவசம்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டு எழுதியிருந்தீர்கள். காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே தங்கள் அக்கா அதை உரக்கப் படித்தாள். எனக்குப் பொடி எழுத்து ஒரு வருஷமாகக் கலங்கலாகத் தெரிந்தது, கண் டாக்டரிடம் போக நேரமில்லை, அதனால் தங்கள் அறிவெல்லாம் எனக்கு அவள் குரலில்தான் வந்து சேர்ந்துகொண்டிருந்தது. 'பர' என்றால் பிற, 'வசம்' என்றால் பிடி, கட்டுப்பாடு. ஆகவே பரவசம் என்றால் தன் வசத்தில் இல்லாமல் பிறர் வசத்தில் இருப்பது. வடமொழியில் முதலில் அடங்கிக் கிடப்பதைச் சொன்ன சொல், நம்மிடம் வந்து மெய்மறந்த ஆனந்தத்தைச் சொல்ல ஆரம்பித்தது, என்று எழுதியிருந்தீர்கள். படித்து முடித்தாள். வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தாள். அவள் கத்தியைக் கீழே வைத்தால்தான் எனக்குப் பயம்.

"என்னங்க, பரவசம்னா அடுத்தவங்க வசத்துல இருக்கறதாம். அப்படிப் பார்த்தா கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் பரவசமா இருந்திருக்கணுமே? எனக்கு ஏன் தெரியவே இல்ல?"

மச்சான், இந்த இடத்தில் ஒரு புத்திசாலி என்ன செய்வான்? வாயில் ரொட்டியை அடைத்துக்கொள்வான். நான், "இருந்திருப்பே, நீ கவனிச்சிருக்க மாட்டே" என்று சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. அவள் பல் டாக்டர் கிளினிக்கில் வேலை பார்ப்பது உங்களுக்குத் தெரியும். பயந்து நடுங்கி வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, "ஒண்ணும் ஆகாது, வாயைத் திறங்க" என்று ஒரு குரல் வைத்திருக்கிறாளே, அந்தக் குரலில் சொன்னாள்: "சரி. இனிமே கொஞ்ச நாளைக்கு நீங்க என் வசம். எப்படி இருக்குன்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

இதில் நான் தங்களை ஒன்று கேட்க வேண்டும். நானும் தங்கள் பகுதியைத் தொடர்ந்து கேட்டு வருகிறவன். களிப்பு என்ற சொல் கள்ளோடு ஒட்டிப் பிறந்தது என்று ஒரு வாரம் எழுதினீர்கள். மகிழ் என்றால் பழைய தமிழில் கள்ளுக்கும் கள் குடித்த மயக்கத்துக்கும்கூடப் பெயர் என்று இன்னொரு வாரம். பூரிப்பு என்றால் நிரம்பிப் பொங்குவது என்று அதற்கடுத்து. இப்போது பரவசம் என்றால் கட்டுப்பாட்டை இழப்பது. நான் கேட்கிறேன், இந்த மொழியில் சந்தோஷமாக இருக்கிறவன் ஒருத்தனுக்காவது டிரைவிங் லைசென்ஸ் கொடுக்க முடியுமா? முதல் ஆள் குடிச்சிருக்கான், ரெண்டாவது ஆள் குடிச்சிட்டு மயங்கியிருக்கான், மூணாவது ஆளுக்கு டயர்ல காத்து அதிகம், நாலாவது ஆள் ஸ்டியரிங்கை விட்டுட்டான். நான் என் வாழ்நாளெல்லாம் "வண்டி உன் வசத்துல இருக்கணும்" என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பிழைக்கிறவன். எனக்கு வந்த ஆத்திரம் எப்படிப்பட்டது என்று தாங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

அந்த ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு வீட்டோடு இருந்திருக்கலாம். மறுநாள் வகுப்பில் போய்க் கொட்டினேன். என்னிடம் ஒரு பேக்கரிக்காரர் கற்றுக்கொள்கிறார். நல்ல மனுஷன், கொஞ்சம் குண்டு, ஸ்டியரிங்கை மாவு பிசைகிற மாதிரி பிசைவார். அவர் வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து, "பரவசம் கூடவே கூடாது சார், பரவசம்னா என்ன தெரியுமா, அடுத்தவன் வசத்துல இருக்கறது" என்று தங்கள் கட்டுரையை முழுசாக ஒப்பித்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, அப்ப நான் தினமும் உங்க வசத்துலதானே சார் இருக்கேன்! அதான் இங்க வந்தா மனசு லேசா இருக்கு!" என்று சொல்லி, இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து எனக்கு ஒரு கும்பிடு போட்டார். என் பக்கத்து பிரேக்கை நான் மிதித்து முடிப்பதற்குள் கார் நடைபாதையில் ஏறி, போலீஸ் ஸ்டேஷன் வாசலில் இருந்த பெரிய பூந்தொட்டியை முட்டிக்கொண்டு நின்றது. உள்ளேயிருந்து இன்ஸ்பெக்டர் வந்து எட்டிப் பார்த்தார். எல் போர்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருக்கும் நான்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். ஒன்றும் பேசாமல் தொட்டியை நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனார் பார், அதற்கு அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இது வெளியில். வீட்டில் நான் உன் அக்கா வசம். (மரியாதை கொஞ்சம் இறங்கிவிட்டது, மன்னிக்கவும். வேகத்தில் போகும்போது கியர் தானாக மாறுகிறது.) என்ன சட்டை போடுவது என்று அவள் எடுத்து வைத்தாள். எந்த முடிதிருத்துபவரிடம் போவது என்று அவள் சொன்னாள், போனேன், திரும்பி வந்தபோது எங்கள் தெருப் பால்காரர் என்னை யாரோ விருந்தாளி என்று நினைத்து வழி சொன்னார். பஸ்ஸில் போகலாம் என்றாள். பஸ் டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் இண்டிகேட்டர் போடாமல் திரும்பினான், நான் எழுந்து போய் நாலு வார்த்தை கேட்கலாம் என்று பார்த்தால், "உக்காருங்க, இப்ப நீங்க அவர் வசம்" என்றாள். கடைசியாக, நான் ஒரு வருஷமாக ஏமாற்றி வந்த கண் டாக்டரிடம் நேரம் வாங்கி, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கேதான் மச்சான் எல்லாம் ஆரம்பித்தது. அந்த டாக்டரம்மா என் கண்ணுக்குள் பார்க்க வேண்டும் என்று ஏதோ சொட்டு மருந்து விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணின் பாவை விரிந்து, வெளிச்சமெல்லாம் ஊசியாகக் குத்தியது. எதிரே இருந்த எழுத்துப் பலகை சுண்ணாம்பு அடித்த சுவராகிவிட்டது. "சாயங்காலம் வரைக்கும் இப்படித்தான் இருக்கும். வண்டி ஓட்டக் கூடாது" என்று சொல்லி ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டி அனுப்பினார்கள். வண்டி ஓட்டக் கூடாது என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் அந்தம்மாதான். உன் அக்கா முழங்கையைப் பிடித்து வீடு வரைக்கும் நடத்திக் கூட்டி வந்தாள். சோபாவில் உட்கார்ந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, போன் அடித்தது.

மலை மேல் ஊரிலிருந்து மாப்பிள்ளை. உன் அக்கா மகளுக்குப் பிரசவத் தேதி இன்னும் தள்ளி இருந்தது, நாங்களும் அந்த நினைப்பில்தான் இருந்தோம். காலையில் பரிசோதனைக்குப் போன இடத்தில் இரத்த அழுத்தம் கிடுகிடுவென்று ஏறியிருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நம்ம பொண்ணைப் பத்தி உனக்குத் தெரியும். ஊசி என்று எழுதியிருந்தாலே ரெண்டு அடி பின்னால் போகிறவள். படபடப்பில் அழுத்தம் இன்னும் ஏறுகிறது. "அம்மா வரட்டும், அம்மாவைப் பார்த்துட்டுப் போறேன்னு ஒரே பிடிவாதம் மாமா. தியேட்டரைத் தயார் பண்றாங்க. ரொம்ப நேரம் காத்திருக்க முடியாதுங்கறாங்க" என்று சொல்லும்போது அந்தப் பையன் குரல் உடைந்துவிட்டது. அவனை நான் அப்படிக் கேட்டதே இல்லை.

வெளியே தூறல். மலைப்பாதையில் பனி இறங்கும் காலம். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், ஒரு நம்பரும் தெரியவில்லை. நினைவில் இருந்த டாக்ஸி ஸ்டாண்டு நம்பரைத் தடவித் தடவி அடித்தால் ஒரு துணிக்கடை எடுக்கிறது. நம் ஸ்கூலில் இன்னொரு பயிற்சியாளர் அம்மா இருக்கிறாளே, அவளைக் கூப்பிடலாம் என்றால் அவள் டெஸ்டுக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள், போன் அணைந்து கிடக்கிறது. நான் சோபாவில் எழுவதும் உட்காருவதுமாக இருக்கும்போது வாசலில் கார் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. நம்ம கார். யாரோ திருடுகிறான் என்று நினைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். மங்கலாக ஒரு உருவம் டிரைவர் சீட்டில். "ஏறுங்க" என்றது. உன் அக்கா குரல்.

"என்ன விளையாட்டு இது? இறங்கு!"

"ஏறுங்க. பேச நேரம் இல்ல."

"உனக்குத்தான் ஓட்டத் தெரியாதே!"

"தெரியாதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். பெல்ட்டைப் போடுங்க."

ஏறினேன். ஏறாமல் என்ன செய்வது? பெற்ற பொண்ணு அங்கே காத்துக்கொண்டிருக்கிறாள், எனக்குக் கண் இல்லை, பக்கத்தில் இருப்பவளுக்கு என் கணக்குப்படி லைசென்ஸ் இல்லை. வீட்டுக் காரில் பயிற்சியாளர் பக்கத்துக்கு பிரேக்கும் கிடையாது. அந்தக் கறுப்புக் கண்ணாடியையும் மீறி வெளிச்சம் குத்தியதால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். இனிமேல் நடப்பது நம்ம கையில் இல்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

மச்சான், நீ சொற்களின் ஆள், உனக்கு இது புரியுமோ என்னவோ. ஒரு ஆள் வண்டி ஓட்டுவதைக் கண்ணால் பார்ப்பவன் சாதாரண ஆள். நான் காதால் பார்க்கிறவன். கிளட்சை விடும்போது எஞ்சின் விக்குகிறதா, கியர் மாற்றும்போது பல் கடிக்கிறதா, பிரேக் போடும்போது வண்டி தலை குனிகிறதா, எல்லாம் எனக்குக் காதிலும் முதுகிலும் தெரியும். தெருமுனை திரும்பும் வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். ஒரு விக்கல் இல்லை. கடைத்தெருவில் போனோம், ஹாரனே இல்லாமல் போனோம், அது எப்படி என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. மலையடி வந்ததும் எஞ்சின் கொஞ்சம் முனகியது. நான் "கியரைக் குறை" என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் குறைத்துவிட்டாள். மாற்றின சத்தமே கேட்கவில்லை. பாலில் சர்க்கரை கரைவது மாதிரி மாறியது. என்னிடம் கற்றுக்கொண்டவர்களில் இப்படி மாற்றுகிறவர்கள் எத்தனை பேர் என்று யோசித்தேன், ஒருத்தர் முகமும் நினைவுக்கு வரவில்லை.

"எப்ப கத்துக்கிட்டே?"

"மேல போய்ச் சொல்றேன். இப்பப் பேசாதீங்க."

என்னை, வண்டிக்குள்! பேசாதே என்று!

மேலே ஏற ஏறப் பனி வந்துவிட்டது. கண்ணாடி ஜன்னலில் ஈரக் குளிர் அடித்ததில் எனக்குத் தெரிந்தது. வைப்பர் ஓடுகிற சத்தம், அவள் மூச்சு விடுகிற சத்தம், அவ்வளவுதான். என் கால் மட்டும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அந்த ரோட்டில் நான் ஓட்டாத நாளா? ஒவ்வொரு வளைவுக்கும் என் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து விரிப்பே நகர்ந்துவிட்டது. அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நான் ஒருத்தன் பக்கத்தில் இருப்பதையே மறந்துவிட்டாள், அப்படி ஓட்டினாள்.

பாதி மலையில் ஒரு லாரி எதிரே வந்து வளைவில் சிக்கி நின்றுவிட்டது. செங்குத்தான ஏற்றம். நாங்களும் நிற்க வேண்டியதாயிற்று. பின்னால் வரிசையாக வண்டிகளின் ஹாரன். மச்சான், ஏற்றத்தில் நின்ற வண்டியைப் பின்னால் உருளவிடாமல் எடுப்பதுதான் இந்தத் தொழிலில் கடைசிப் பாடம். பேக்கரிக்காரர் இன்றுவரை அந்தப் பாடத்துக்கு வரவில்லை. லாரி நகர்ந்தது. நான் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவள் கிளட்சை மெல்ல விட்டாள், எஞ்சின் குரல் லேசாக இறங்கியது, சரியாக அந்த இடத்தில் ஹேண்ட் பிரேக்கை எடுத்தாள். வண்டி ஒரு விரல்கடைகூடப் பின்னால் போகவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு ஏறியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. "என்னங்க?" என்றாள். "சொட்டு மருந்து" என்றேன். "ஒண்ணும் ஆகாது, மூச்சை மெதுவா விடுங்க" என்றாள், அந்தப் பல் டாக்டர் கிளினிக் குரலில். விட்டேன். அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு சொல்லத் தெரியல மச்சான். உடம்பு லேசாப் போச்சு. ஆஸ்பத்திரி நினைப்பும் இருக்கு, பயமும் இருக்கு, ஆனா யாரோ என்னைத் தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கு. சின்ன வயசுக்கப்புறம் என்னை யாரும் எங்கேயும் கூட்டிக்கிட்டுப் போனதில்ல. எல்லாரையும் நான்தான் கூட்டிக்கிட்டுப் போயிருக்கேன். உன் கட்டுரையில இதைப் பத்தித்தான் எழுதியிருந்தியான்னு அப்பத்தான் உறைச்சுது.

ஆஸ்பத்திரியில் நம்ம பொண்ணை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்துத் தியேட்டர் வாசல் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். உன் அக்கா ஓடிப்போய் அவள் நெற்றியில் கையை வைத்தாள். "வந்துட்டேன்ல? ஒண்ணும் ஆகாது. கண்ணை மூடிக்கோ." அவ்வளவுதான் சொன்னாள். பொண்ணு, "அப்பாவா ஓட்டினாரு?" என்று கேட்டாள். "நான்தான்" என்றாள் இவள். அந்த நிலைமையிலும் பொண்ணு சிரித்தாள் பார். "அப்பா உயிரோட இருக்காரா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். நர்ஸ் சொன்னார், அழுத்தம் அந்த நிமிஷமே கொஞ்சம் இறங்கியதாம்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் முழுக் கதையும் வெளியே வந்தது. மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரத்தில், என் காரில், என் ஸ்கூலில், நான் சம்பளம் கொடுக்கும் பயிற்சியாளர் அம்மாவிடம் கற்றுக்கொண்டிருக்கிறாள். சீட் முன்னால் இழுத்துக் கிடக்கிறதே என்று நான் அந்தப் பயிற்சியாளரிடம் சண்டை போட்டபோதெல்லாம் அந்த அம்மா தலை குனிந்துகொண்டு நின்றாள், நானும் வருத்தப்படுகிறாள் என்று நினைத்தேன். முதல் டெஸ்டிலேயே பாஸ். லைசென்ஸ் பல் டாக்டரின் மேசை டிராயரில் இருக்கிறது. பேக்கரிக்காரருக்குத் தெரியும். இன்ஸ்பெக்டருக்குத் தெரியும். பால்காரருக்குத் தெரியும். உனக்கும் தெரியும் என்றாளே மச்சான்! வாழ்த்து வேறு அனுப்பினாயாமே! "என்கிட்ட ஏண்டி சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னா நீங்க பக்கத்துல வந்து உக்காந்துக்குவீங்க. அப்புறம் எனக்கு வண்டி ஓட்ட வராது, உங்க குரல்தான் வரும்" என்றாள். அதற்கு உன்னிடம் பதில் இருந்தால் எழுது.

கதவு திறந்தது. தாயும் நலம், பெண் குழந்தை, குழந்தையும் நலம். நர்ஸ் ஒரு வெள்ளைப் பொட்டலத்தைக் கொண்டுவந்து, "யார் கையில குடுக்கட்டும்?" என்று கேட்டார். மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். உன் அக்கா என்னைக் காட்டினாள். "எனக்குக் கண்ணு சரியாத் தெரியலை" என்று பின்வாங்கினேன். "கையில வாங்கறதுக்குக் கண்ணு எதுக்கு?" என்றாள். வாங்கினேன். ஊரில் பாதிப் பேருக்குக் கையை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த எனக்கு, என் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முகம் தெரியவில்லை, இளஞ்சிவப்பாக ஒரு பனிமூட்டம், அவ்வளவுதான் தெரிந்தது. அது ஒரு தும்மல் போட்டது. இத்துனூண்டு தும்மல். நான் ஆடிப்போய்விட்டேன். "என்னங்க, எப்படி இருக்கு?" என்றாள் உன் அக்கா. நான் பொட்டலத்தை இன்னும் கொஞ்சம் நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

ஆகவே மீண்டும் மரியாதைக்கு வருகிறேன். தங்கள் கட்டுரையில் ஒரு குறை உண்டு. 'பர' என்றால் பிறர் என்று எழுதிவிட்டு, எந்தப் பிறர் என்று எழுதாமல் விட்டுவிட்டீர்கள். பஸ் டிரைவர் வசத்திலும் இருந்தேன், முடிதிருத்துபவர் வசத்திலும் இருந்தேன், ஒரு பரவசமும் வரவில்லை. ஓட்டத் தெரிந்தவர் வசத்தில் இருந்தால் மட்டுமே வரும் என்று அடுத்த வாரம் ஒரு திருத்தம் வெளியிட வேண்டும். தங்கள் அக்கா ஓட்டுவதை நான் இவ்வளவு புகழ்ந்து எழுதியது நமக்குள் இருக்கட்டும். தெரிந்தால் என்னைத் தலைமைப் பயிற்சியாளர் பதவியிலிருந்து இறக்கிவிடுவாள். வெளியில் நான் அவளிடம் சொன்னது, "பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் பழகணும்" என்பதுதான்.

தாங்களும் வீட்டில் உள்ளவர்களும் குறைவில்லாமல் வாழ்ந்து, நல்ல சொற்களாகப் பார்த்து எடுத்து எழுதி, அவற்றால் எங்கள் வீட்டுக்கு மேலும் சேதம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மூத்தவன் என்ற முறையில் ஆசீர்வதிக்கிறேன். பேத்தி தங்களை விசாரித்தாள், அதாவது தும்மினாள்.

இப்படிக்கு,
தங்கள் அக்காள் கணவர்

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா. கவர்மேல விலாசம் எழுதச் சொல்லிக் குடுத்துட்டு வகுப்புக்குப் போயிட்டார். ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சுட்டேன். நமக்குள்ள இருக்கட்டும்னு எழுதியிருக்கற எடத்தை ரெண்டு தடவை படிச்சேன். எல்லாம் சரிதான், ஒண்ணு மட்டும் தப்பு. அவர் கால் மிதிச்சதை நான் கண்டுக்கவே இல்லன்னு எழுதியிருக்கார். பனி வந்தப்பறம் எனக்கும் ஒண்ணும் தெரியலடா. வளைவு எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னே தெரியல. அதைக் காட்டிக்கல. அவருக்குக் கண்ணு தெரியாட்டியும் அவர் காலுக்கு அந்த ரோடு தெரியும். அவர் தரையை மிதிச்சப்பல்லாம் நான் பிரேக் போட்டேன், அவர் எடுத்தப்ப எடுத்தேன், அப்படித்தான் மேல போய்ச் சேர்ந்தோம். இதை அவர்கிட்ட சொல்லிடாதே. மனுஷன் இப்பத்தான் பரவசமா இருக்கார்.